பூசாரி என்று எழுதியிருந்த கண்ணாடிப் படம்

சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கி அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. சிராங்கூன் சாலையில் எங்கள் ஸ்டூடியோ இருந்த கடைவீட்டின் முன்னால் ஒரு வெள்ளைக்காரர் ரிக்‌ஷாவை விட்டு இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு ரிக்‌ஷாவில் ஆள் இல்லை, இரண்டு தகரப் பெட்டிகள் மட்டும் இருந்தன. ரிக்‌ஷாக்காரரைத் தொடவிடாமல் அவரே ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்த எனக்கு, பெட்டிக்குள் ஏதோ உயிருள்ள பிராணி இருக்கிறது என்றுதான் தோன்றியது.

உள்ளே இருந்தவை கண்ணாடிப் படங்கள். மேஜிக் லாந்தரில் செருகித் திரையில் பெரிதாகக் காட்டுவார்களே, அந்த உள்ளங்கை அளவுச் சதுரக் கண்ணாடிகள். மெக்சிகோவின் தெற்கே காடுகளில் மூன்று வருஷம் சுற்றி அவர் எடுத்த படங்கள். பசிபிக் கடலைத் தாண்டி மணிலா வழியாக வருகிறபோது பெட்டிக்குள் ஈரம் இறங்கி, பாதிக்கு மேல் ஓரங்களில் பூஞ்சை பிடித்திருந்தது. பன்னிரண்டு நாளில் இந்த ஊர் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு மண்டபத்தில் அவர் பேச வேண்டும். மறுநாள் கல்கத்தா கப்பல். பெரிய ஸ்டூடியோக்காரர்கள் அவ்வளவு சீக்கிரத்தில் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அவற்றில் ஒன்றில்தான் என் கணவர் முன்பு வேலை பார்த்தார். அங்கிருந்து எங்கள் விலாசம் இந்த வெள்ளைக்காரருக்குக் கிடைத்திருந்தது.

என் கணவர் மாடியேறி வந்தார்.

"பன்னெண்டு நாள்ல முடியுமான்னு துரை கேக்குறார். பூஞ்சையைத் துடைச்சு, மேல் கண்ணாடியை மாத்தி ஒட்டுறது என் வேலை. நாப்பது படத்துக்குச் சாயம் ஏத்தணும். அது உன் வேலை."

"என்ன படம்?"

"காடு. கல்லு. இடிஞ்சுபோன கட்டடம். மாயான்னு ஒரு ஜனங்களாம். நம்ம மயன் கட்டின ஊரான்னு கேட்டேன், அவருக்கு விளங்கல."

நான் சரி என்றேன். அந்தப் பெயருக்காகவே சொல்லியிருப்பேன்.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நாகப்பட்டினத்தில் நான் படித்த மிஷன் பள்ளியில் ஆங்கிலமும் சித்திரமும் சொல்லித்தந்தார்கள். கல்யாணமாகிக் கப்பலேறி வந்தபின் என் கணவர் எடுக்கிற படங்களுக்கு டச்சிங் பண்ணுவது என் பொறுப்பாயிற்று. அம்மைத் தழும்பை மறைப்பேன், கன்னத்துக்கு வர்ணம் கொடுப்பேன், சேலைக் கரைக்குச் சரிகை தீட்டுவேன். இந்த வட்டாரத்தில் படம் எடுத்துக்கொண்ட குடும்பங்களின் முகங்களெல்லாம் என் பூதக்கண்ணாடிக்குக் கீழே வந்து போனவை. தெருவில் போகிறவர்களை எனக்கு நேரில் தெரியாது, ஆனால் யாருக்கு இடது புருவத்தில் வெட்டு இருக்கிறது என்று தெரியும்.

முதல் நாள் முதல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குன்று, குன்று நிறைய மரங்கள். பச்சையைக் குழைத்து வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியை நகர்த்தியபோதுதான் மரவேர்களுக்கு நடுவே படிகள் தெரிந்தன. படிகளைப் பின்தொடர்ந்து மேலே போனேன். உச்சியில் மூன்று வாசல்கள். நான் குன்று என்று நினைத்தது முழுக்கக் கோயில். தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. சாயம் காய்ந்துவிட்டது, மறுபடி குழைக்க வேண்டியிருந்தது.

ஒரு துண்டுக் காகிதத்தில் கேள்விகளை எழுதிக் கணவரிடம் கொடுத்தேன். யார் கட்டினார்கள்? எதற்காகக் காட்டுக்குள் போய்க் கட்டினார்கள்? கல்லுக்கு நான் என்ன வர்ணம் கொடுப்பது?

துரை மறுநாள் காலை அந்தக் காகிதத்தோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், காய்ச்சலில் அடிபட்ட கண்கள். மாடி அறையின் கதவருகே ஒரு நாற்காலி போட்டோம். அவர் மெதுவாகப் பேசினால் எனக்கு முக்கால்வாசி புரிந்தது, மீதியைக் கணவர் சொன்னார்.

காட்டுக்குள் போய்க் கட்டவில்லை என்றார். அவர்கள் இருந்தபோது அங்கே காடே இல்லை. சோள வயல்களும் வீடுகளும் குளங்களும் சந்தைகளும் இருந்தன. காடு பிறகு வந்தது. ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் அந்த நாட்டில் ஒரு பெருநகரம் அல்ல, பல நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமை இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஏனென்றால் ஒவ்வோர் ஊரின் கைவண்ணமும் வேறு. ஓர் ஊரில் கோயில்கள் மரங்களுக்கு மேல் தலைநீட்டும். இன்னோர் ஊரில் கட்டடம் தாழ்வு, ஆனால் சுவரில் சுதையால் செய்த உருவங்கள் பேசுவதுபோல இருக்கும். மூன்றாவது ஊரில் படிக்கட்டு முழுக்க எழுத்து. ஓர் ஊரின் சிற்பத்தில் இன்னோர் ஊர்க்காரர்கள் கட்டுண்டு கிடப்பதுபோலவும் தெரிந்தது. இருந்தாலும் எழுத்து ஒன்று, தெய்வங்கள் ஒன்று, நாள் கணக்கு ஒன்று.

"நம்ம பக்கத்துச் சேர சோழ பாண்டியர் மாதிரி," என்றார் என் கணவர் என்னிடம். அதை அவர் துரைக்கும் சொல்ல முயன்றார். அது சரியாகப் போய்ச் சேரவில்லை. மயனைப் பற்றி மறுபடி கேட்டார். துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெயர் ஒலி ஒத்திருப்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை, நடுவே எவ்வளவு பெரிய கடல் கிடக்கிறது என்று கப்பலில் வந்தபோது தாம் நாள் எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். கணவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வர்ணத்தைக் கேட்டேன். சாம்பல் நிறம் போதும் என்றார். கதவுவரை போனவர் திரும்பி வந்து, "உண்மையில் அது சாம்பல் நிறமாக இருக்கவில்லை," என்றார். சுவர் மடிப்புகளில், மழை தொடாத இடங்களில், சிவப்பு ஒட்டிக்கொண்டிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். கோயில் முழுக்கச் சிவப்பு. சில இடங்களில் நீலம், பாதி பச்சை கலந்த மாதிரி நீலம், அதை எங்கும் பார்த்ததில்லை என்றார். கீழே முற்றங்கள் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புத் தளம்.

"எத்தனை பெரிய முற்றம்?" என்று கேட்டேன்.

நம் எதிரே இருக்கிற குதிரைப் பந்தயத் திடலில் பாதி இருக்கும் என்றார்.

எங்கள் வட்டாரத்துக்குத் தமிழர்கள் வைத்திருந்த பெயரே சுண்ணாம்புக் கம்பம், அதாவது சுண்ணாம்புக் கிராமம். பழைய காலத்துச் சூளைகள் போய்விட்டாலும், ஒரு கூடைச் சுண்ணாம்புக்கு எவ்வளவு விறகு வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பெரிய முற்றத்துக்கு எத்தனை மரத்தை எரித்திருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதைச் சொன்னதும் துரை சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். அன்றுமுதல் அவர் தினமும் வந்தார்.

வேலை ஓடியது. நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். அவர்கள் எண்களை எழுதுகிற விதத்தைக் காட்டினார். புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து. மூன்று கோடும் நான்கு புள்ளியும் பத்தொன்பது. ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு சிப்பி. நாம் பத்துப் பத்தாகப் போவதுபோல அவர்கள் இருபது இருபதாகப் போனார்கள். "கால் விரலையும் சேத்து எண்ணியிருக்காங்க. நம்மள மாதிரி செருப்புப் போடாத ஜனங்கதான்," என்றார் என் கணவர். மேசையில் தீக்குச்சிகளையும் புளியங்கொட்டைகளையும் வைத்து நாங்கள் இருவரும் நாளெல்லாம் அதை விளையாடினோம். அந்த எண்களைக் கொண்டு விடிவெள்ளி எப்போது எழும், எப்போது மறையும் என்று பல வருஷங்களுக்கு முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள். மரப்பட்டைக் காகிதத்தில் மடித்து மடித்து வைக்கிற புத்தகங்கள் அவர்களிடம் நிறைய இருந்தனவாம். பிறகு வந்த ஸ்பானியப் பாதிரிகள் எரித்தது போக மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. எரித்த செய்தியைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில், அன்று ஒரு படத்தின் வானத்தை அளவுக்கு மேல் அடர்த்தியாகத் தீட்டிவிட்டேன். கணவர் கழுவி எடுத்துக் கொடுத்தார்.

சில வருஷங்களுக்கு ஒருமுறை நகரத்து முற்றத்தில் உயரமான கல் நடுவது அவர்களின் வழக்கம். நம் நடுகல் மாதிரி, ஆனால் இரண்டு ஆள் உயரம். முன்பக்கம் ஓர் உருவம், பக்கங்களில் எழுத்து. எழுத்தில் நாள் கணக்கை மட்டுமே படிக்கத் தெரிந்திருக்கிறது, மற்றது யாருக்கும் புரியவில்லை என்றார் துரை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு கல் நடுவது நின்றுபோகிறது.

"அந்த ஜனங்கள் எங்கே போனார்கள்?" என்று நான் கேட்டேன்.

"எங்கும் போகவில்லை," என்றார். "என் கழுதைகளை ஓட்டிவந்தவர்கள் அவர்கள்தான். எனக்குச் சமைத்துப் போட்டவர்களும்."

நான் திகைத்துப் போனேன். அத்தனை நாளும் அவர்கள் அடியோடு மறைந்துபோனவர்கள் என்று நினைத்தே சாயம் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதை ஒரு செய்தியாகவே நினைக்காததால் முன்பே சொல்லவில்லை. அவர் போனபின் படங்களை மறுபடி எடுத்து அடுக்கினேன். கல்லின் உயரம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சில படங்களில் கூலியாட்களைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். இதுவரை அவர்களை நான் அளவுகோலாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது பூதக்கண்ணாடியை அவர்கள் முகத்துக்குக் கொண்டுபோனேன். கல்லில் இருந்த நெற்றியும் மூக்கும் பக்கத்தில் நின்றவருக்கும் இருந்தன. அண்ணன் தம்பி படங்களில்தான் அப்படி ஒரு ஒற்றுமையைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாவது நாள் அந்தப் படத்துக்கு வந்தேன். ஆற்றங்கரை நகரம் ஒன்றில் இருந்த கல். நீண்ட அங்கி அணிந்த உருவம் ஒன்று உயரமான ஆசனத்தில் உட்கார்ந்திருந்தது. தலையில் இறகுக் கிரீடம், கழுத்து நிறைய மணிகள். முழங்காலை ஒட்டி ஒரு சிறிய உருவம், அதற்கும் அதே போன்ற அங்கி. கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் 'பூசாரியும் ஏவலாளும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அங்கிக்கு என்ன வர்ணம் என்று யோசித்துக்கொண்டே பார்த்தேன். சின்ன உருவம் நின்ற விதம் எனக்கு உறுத்தியது. என் மேசையில் எத்தனையோ குடும்பப் படங்கள் வந்திருக்கின்றன. தகப்பன் பக்கத்தில் நிறுத்தின பிள்ளை விறைப்பாக, ஒரு சாண் தள்ளி நிற்கும். தாய் பக்கத்தில் நிறுத்தினால், படம் எடுப்பவர் எவ்வளவு சொன்னாலும், கடைசி நொடியில் உடம்பு தானாக அவள்மேல் சாய்ந்துவிடும். இந்தக் கல்லில் அந்தச் சிறிசு சாய்ந்திருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, இது பூசாரி இல்ல. பொம்பள. பக்கத்துல இருக்கிறது அவ பொண்ணு."

அவர் பார்த்தார். "இருக்கலாம். நமக்கென்ன?"

"துரைகிட்ட சொல்லுங்க."

"வேணாம். அவங்க படிச்சவங்க. நாம சாயம் பூசுறவங்க. பெரிய பெரிய ஆளுங்க பூசாரின்னு எழுதிவச்சிருக்காங்க, நம்ம கடைக்கு வந்துட்டுப் போறவர்கிட்ட நாம போய்ப் பாடம் சொல்றதா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்துக் கடைவீட்டில் கண்ணாடி வியாபாரம் செய்த குடும்பத்து அம்மாள் எனக்குப் பழக்கம். பினாங்கில் பிறந்த தமிழ் முஸ்லிம் பெண், அக்கா முறையில் நான் லாத்தா என்று கூப்பிடுவேன். படங்களின் மேல் ஒட்டும் கண்ணாடியை எங்களுக்கு வெட்டிக் கொடுப்பது அவர்கள் கடைதான். அவர் பின்வாசல் வழியாக வந்தபோது ஒன்றும் சொல்லாமல் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினேன்.

"லாத்தா, இது ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பளதான் லா," என்றார் உடனே. "புள்ள ஒட்டிக்கிட்டு நிக்குதே, தெரியல? ஏன், யாரு வீட்டுப் படம்? கல்யாணத்துக்கா இம்புட்டு நகை போட்டிருக்கா?"

எனக்குத் தெம்பு வந்தது. ஆனால் இரண்டு பெண்கள் சொன்னால் ஆயிற்றா? அன்று மதியம் முழுக்க மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு, சாயம் ஏற்ற வேண்டாத படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். துரை ஒரு மூலையில் போட்டுவைத்திருந்தவை. கூடாரம், கழுதை, ஆற்றைக் கடப்பது, சமையல். சமையல் படத்தில் இளைஞர் இருவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், படத்தின் விளிம்பில், ஒரு பெண் மண்டியிட்டு அம்மியில் சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள். நம் அம்மிதான், மூன்று கால் வைத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவள் போட்டிருந்தது தோளிலிருந்து நேராக இறங்குகிற சதுர அங்கி. நெஞ்சுப் பக்கத்தில் நெய்திருந்த கட்டத்துக்குள் கட்டம், சாய்சதுரமாக. அடுப்பு மூட்டிய இளைஞர்களின் சட்டையில் அது இல்லை.

கல்லின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அங்கே ஆசனத்தில் இருந்தவளின் அங்கியிலும் அதே சாய்சதுரங்களைச் செதுக்கியிருந்தார்கள். சேலைக் கரை தீட்டியே வருஷங்களைக் கழித்தவள் நான். கரையின் ஜாடை எனக்குத் தப்பாது.

மறுநாள் துரை வந்தபோது கணவர் கீழே ஒரு சீனக் குடும்பத்தை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் காத்திருக்கவில்லை. இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, என்னிடம் இருந்த ஆங்கிலத்தில் நானே சொன்னேன். இது பூசாரி அல்ல. இது ஒரு பெண். இது அவள் மகள்.

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தை எதையாவது சொன்னால் வருகிற சிரிப்பு. பூசாரிகள் நீண்ட அங்கி அணிவது எல்லா நாட்டிலும் உண்டு, எங்கள் பாதிரிகளைப் பாருங்கள் என்றார். சிறிய உருவம் என்றால் ஏவலாளைச் சிறிதாகக் காட்டுவது சிற்பிகளின் வழக்கம் என்றார்.

நான் எங்கள் பெட்டியிலிருந்து குடும்பப் படங்களை எடுத்து மேசையில் பரப்பினேன். செட்டியார் குடும்பம், மலாய்க் குடும்பம், சீனக் குடும்பம், கம்போங் கப்பூர் பக்கத்து யூரேசியக் கலப்பினக் குடும்பம். எது தகப்பனிடம் நிற்கிற பிள்ளை, எது தாயிடம் நிற்கிற பிள்ளை, நீங்களே பாருங்கள் என்றேன். அவர் குனிந்தார். பிறகு நான் சமையல் படத்தைக் கையில் கொடுத்து அம்மிக்காரியின் அங்கியைக் காட்டினேன்.

அவர் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சமையல் படம், கல், மறுபடி சமையல் படம். தானாகவே பெட்டியைத் திறந்து இன்னும் இரண்டு கற்களின் படங்களைத் தேடி எடுத்தார். அவற்றிலும் நீண்ட அங்கி உருவங்கள். ஒன்றில் அந்த உருவம் நாக்கில் முட்கயிற்றைக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தது. அது அவர்களின் நேர்த்திக்கடன் என்று முன்பே சொல்லியிருந்தார். அலகு குத்திக் காவடி எடுப்பவர்களை வருஷா வருஷம் இதே தெருவில் பார்க்கிற எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. எல்லா அங்கிகளிலும் சாய்சதுரம் இருந்தது.

கணவர் மாடியேறி வந்தபோது துரை என் ஸ்டூலிலும் நான் சுவரோரம் நின்றுகொண்டும் இருந்தோம். கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன சொன்ன நீ?"

"பார்த்ததைச் சொன்னேன்."

துரை நிமிர்ந்தார். "அந்தப் பெண் தினமும் எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள்," என்று என் கணவரிடம் சொன்னார். "நாலு மாதம். ஒருநாள்கூட அவள் சட்டையை நான் பார்க்கவில்லை."

அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த இரண்டு நாள் வரவில்லை. கணவர் என்னைத் திட்டவில்லை, ஆனால் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அந்தக் கல்லுக்கு நான் கொடுத்த வர்ணம் சிவப்பு. அங்கியின் சாய்சதுரங்களுக்கு மட்டும், பாதி பச்சை கலந்த நீலம். அந்த நீலம் சரியாக வருவதற்கு ஒரு காலை முழுவதும் ஆயிற்று.

பேச்சு நடந்த மாலை லாந்தரை இயக்கக் கணவர் போனார். படங்களை வரிசை தவறாமல் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப்போனார். மண்டபத்தின் கடைசியில், துணி மறைப்புக்குப் பின்னால், லாந்தரின் சூட்டில் நாங்கள் இருவரும் நின்றோம். முன்னால் தொப்பிகளும் விசிறிகளும். என் கையால் தீட்டிய கோயில் பத்தடி உயரத்துக்குச் சிவப்பாக எழுந்தபோது கூட்டத்தில் ஓர் ஓசை ஓடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துரை நன்றாகப் பேசினார். காட்டைப் பற்றி அல்ல, வயல்களையும் சந்தைகளையும் பற்றி, குளம் வெட்டியவர்களையும் நாள் கணித்தவர்களையும் பற்றிப் பேசினார்.

அந்தப் படம் வந்தது. கணவர் செருகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். திரையில் அவளும் மகளும் தெரிந்தார்கள். துரை திரையைத் திரும்பிப் பார்த்து, "போன வாரம் வரைக்கும் இவரைப் பூசாரி என்று சொல்லிவந்தேன்," என்றார். "இந்த ஊரில் ஒருவர் இது ஒரு தாயும் மகளும் என்று எனக்குக் காட்டினார். என்னால் மறுக்க முடியவில்லை. இவர்கள் அந்த நகரத்தை ஆண்ட குடும்பம் என்றால், இந்தக் கற்களில் இருப்பவர்கள் தெய்வங்களும் பூசாரிகளும் அல்ல, மனிதர்கள். அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்." அதற்கு மேல் சொல்லவில்லை. அடுத்த படம் என்று கைகாட்டினார்.

சபையில் யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் நான் அடுத்த படத்தைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, கணவர் பார்த்துத் திருப்பிக்கொண்டார்.

முடிந்தபின் ஒரு கனவான் துரையிடம் அப்படிக் காட்டிய இந்த ஊர்க்காரர் யார் என்று கேட்டார். துரை லாந்தர் பக்கம் கை நீட்டினார். கனவான் மறைப்புக்குள் எட்டிப்பார்த்து, என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, கூர்மையான கண் உமக்கு என்றார். "நான் இல்லைங்க, என் மனைவி," என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் கனவான் நகர்ந்துவிட்டார். கணவர் குலுக்கிய கையை நீட்டியபடியே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "கேட்டாரே, போறதுக்குள்ள சொல்லணும்னு பார்த்தேன்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளுக்குப் பிறகு அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை பெட்டிகளை எடுக்கத் துரை வந்தார். சீட்டில் 'பூசாரியும் ஏவலாளும்' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். எனக்கு அது போதவில்லை. அதை நான் மறைக்கவும் இல்லை. "கேள்விக்குறி எதற்கு?" என்றேன்.

"கல்லுக்கு முன்னால் மறுபடி போய் நிற்கிறவரைக்கும்," என்றார்.

என்ன வேண்டும் என்று கேட்டார். அந்த இரண்டு படங்களையும் காகிதத்தில் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். கணவர் இருட்டறையில் அவசரமாக எடுத்துக் கொடுத்தார். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று துரை வாசலில் நின்றபடியே இருந்தார். போகும்போது இந்த முறை ஒரு பெட்டியைக் கணவர் கையில் கொடுத்தார், ரிக்‌ஷாவரை தூக்கி வர.

அவரிடமிருந்து பிறகு கடிதம் வரவில்லை. காய்ச்சலோ, கப்பலோ, வேறு வேலையோ, தெரியாது. கல்லின் முன் மறுபடி நின்றாரா என்றும் தெரியாது.

இரண்டு பிரதிகளையும் ஸ்டூடியோ சுவரில் மாட்டினேன். அம்மிக்காரி ஒரு பக்கம், ஆசனத்தில் இருந்தவள் ஒரு பக்கம். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவற்றைப் பார்த்துவிட்டு, யார் இவர்கள் என்பார்கள். ஒரே குடும்பம், நடுவில் ஆயிரம் வருஷம் என்று நான் சொல்வேன். சிலர் நம்புவார்கள். பிடோக் பக்கத்திலிருந்து வந்த ஒரு தென்னந்தோப்புக்காரர் மட்டும் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, கல்லில் அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே இருக்கிற சிறு சிறு கட்டங்கள் என்ன என்று கேட்டார்.

எழுத்து என்றேன். யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. நான்கு கட்டங்கள், ஒன்றில் ஒரு முகம், ஒன்றில் கை போன்ற ஏதோ ஒன்று.

"அப்போ பிள்ளை பேரா இருக்கும்," என்றார் அவர்.

எனக்கு அது தோன்றியதே இல்லை. அவர் போனபின் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து அந்த நான்கு கட்டங்களையும் ஒரு காகிதத்தில் பெரிதாக வரைந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டு எப்படிச் சொல்லியிருப்பார்கள், அவள் அம்மா அவளை எப்படிக் கூப்பிட்டிருப்பாள் என்று யோசித்தேன். கீழே கணவர் யாரையோ அசையாமல் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்.